பலகைக்கு முன்னால் ஒரு மாணவர்

காலை எட்டு மணிக்குச் சிங்கப்பூரின் பிடோக் எம்ஆர்டி நிலையத்தில் மேற்கே போகும் ரயிலைப் பிடிக்கும் தேசியப் பல்கலைக்கழக மாணவர், புவன விஸ்தாவில் இறங்கி வட்டப் பாதைக்கு மாறுகிறார். அங்கிருந்து இரண்டாவது நிலையம் கெண்ட் ரிட்ஜ். வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். தீவின் கிழக்கில் குடியிருந்துகொண்டு மேற்கில் படிப்பவர்களுக்கு இது பழகிப்போன அலுப்பு. தருக்கமோ கணிமைக் கோட்பாடோ படிப்பவர்களுக்கு மட்டும் அந்த ஒரு மணி நேரம் வேறொன்றுக்கும் பயன்படும். தாளும் பேனாவும் இல்லாமல், ஒரு தேற்றத்தின் நிறுவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கலாம். எந்த வரியில் தடுக்குகிறதோ அந்த வரி இன்னும் கைவரவில்லை.

தடுக்கும் அந்த வரியை நண்பர்கள் முன்னிலையில் வெளியே கொண்டுவருவதுதான் மாணவர்களே நடத்தும் கருத்தரங்கின் வேலை. பேராசிரியர் இல்லாத அறை, வாரத்துக்கு ஒரு மாலை, ஒரு பலகை, ஒரு தேற்றம். பேசுபவரும் மாணவர், குறுக்கிட்டுக் கேட்பவரும் மாணவர். அதை எப்படித் தொடங்குவது, எப்படிப் பருவம் முழுக்கத் தாக்குப்பிடிக்க வைப்பது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

இதற்குத் தருக்கமும் கோட்பாட்டுக் கணினியியலும் மற்றப் பாடங்களைவிடப் பொருத்தமானவை. ஆய்வுக்கூடம் வேண்டாம், நிதி வேண்டாம், கருவி வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நிறுவல் சரியா தவறா என்பதைத் தீர்மானிக்க யாருடைய பதவியும் தேவையில்லை. மூன்றாம் ஆண்டு மாணவி எழுதிய வரி முந்தைய வரியிலிருந்து வரவில்லை என்றால், முதலாண்டு மாணவன் கைதூக்கி நிறுத்தலாம். நிறுத்தினால் அவன் பக்கமே நியாயம். வரலாற்றிலோ மருத்துவத்திலோ ஆசிரியரின் அனுபவத்தை அறையிலிருந்து எடுத்துவிட்டால் பாதிப் பாடம் போய்விடும். இங்கே போவது வேகம் மட்டும்தான்.

தமிழர்களுக்கு இது புதிய கதையும் அல்ல. சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்றொரு வீடு. அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு அது. அவருடைய மகன் அல்லாடி இராமகிருஷ்ணன், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் ஓராண்டு இருந்துவிட்டுத் திரும்பியதும், 1950களின் இறுதியில் அந்த வீட்டிலேயே இயற்பியல் கருத்தரங்கு ஒன்றை நடத்தத் தொடங்கினார். இளம் மாணவர்கள் அப்போதுதான் வெளிவந்த ஆய்வுத்தாள்களைப் படித்து வந்து ஒருவருக்கொருவர் விளக்கினார்கள். 1960இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வியந்து பாராட்டினார். செய்தி நேருவை எட்டியது. சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3ஆம் தேதி சென்னையில் கணித அறிவியல் நிலையம் பிறந்தது. தொடங்கி வைத்தவர் சுப்ரமணியன் சந்திரசேகர். அங்கே நடத்தியவர் ஒரு பேராசிரியர்தான், உண்மை. ஆனாலும் ஒரு வீட்டுக் கூடமும் சில மாணவர்களின் பிடிவாதமும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

பின்னாளில் அதே நிலையத்தில் கோட்பாட்டுக் கணினியியல் குழு ஒன்று வளர்ந்தது. தருக்க அறிஞரான ஆர். இராமானுஜம் அங்கே பணியாற்றிக்கொண்டே தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திலும் நெடுங்காலம் உழைத்தவர். அந்த நிலையத்திலும் சென்னைக் கணிதவியல் கழகத்திலும் இருந்த பி. எஸ். தியாகராஜன் பிறகு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வந்து கற்பித்தார். மயிலாப்பூருக்கும் கெண்ட் ரிட்ஜுக்கும் இடையே ஒரு நூல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

“நாங்கள் இளநிலை மாணவர்கள்தானே, எங்களால் என்ன முடியும்?” என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டு பேர்களைச் சொல்லலாம், அல்லது மூன்று. 2002 ஆகஸ்டில், ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதைப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில், தற்செயலை நம்பாமல், எந்த நிரூபிக்கப்படாத கருதுகோளையும் நம்பாமல் சொல்லும் முதல் அல்காரிதத்தைக் கான்பூர் ஐஐடியில் இருந்து மூவர் வெளியிட்டார்கள். ஒருவர் பேராசிரியர் மணீந்திர அகர்வால். மற்ற இருவர், நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும், அந்த ஆண்டுதான் பி.டெக். முடித்திருந்தவர்கள். 2006இல் மூவருக்கும் கோடல் பரிசு கிடைத்தது. அடுத்தவர் சீனாவின் சாங்ஷா நகரில், மத்தியத் தென் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்துக்கொண்டிருந்த லியு ஜியாயி. தருக்கத்தைப் பெரும்பாலும் தானே படித்துக்கொண்டவர். இணைகளுக்கான ராம்சே தேற்றம் தருக்க வலிமையில் எங்கே நிற்கிறது என்ற கேள்வி 1990களில் இருந்து திறந்தே கிடந்தது. அதன் ஒரு முக்கியப் பகுதியை அவர் தீர்த்தார். தீர்வு 2012இல் குறியீட்டுத் தருக்க ஆய்விதழில் வந்தது. அதே தேற்றத்தைச் சுற்றிய இன்னொரு பெரிய கேள்வியைத் தேசியப் பல்கலைக்கழகத்தின் சோங் சி தாட்டும் யாங் யுவேயும், பெர்க்லியின் தியோடோர் சிலாமனுடன் சேர்ந்து தீர்த்தார்கள்; அது 2014இல் வெளியானது. சாங்ஷாவின் ஓர் இளநிலை மாணவரும் சிங்கப்பூரின் மூத்த பேராசிரியரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே தேற்றத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

எல்லாக் கருத்தரங்கும் இப்படி முடியாது. முடிய வேண்டியதும் இல்லை. ஒரு தேற்றத்தைச் சொந்தமாக்கிக்கொள்வதே போதிய இலக்கு.

இனி வேலைக்கு வருவோம். எத்தனை பேர்? ஆறிலிருந்து எட்டு. நான்கு பேரோடு தொடங்கினால் இருவருக்குக் காய்ச்சல் வந்த வாரம் கூட்டம் இல்லை. பன்னிரண்டு பேரானால் பாதிப்பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். சேரும் எல்லாரும் பருவத்தில் ஒருமுறையாவது பேசியே ஆக வேண்டும் என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவது நல்லது. “நான் கேட்க மட்டும் வருகிறேன்” என்கிறவரை அன்போடு ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதில் கிழக்குப் பகுதிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. பிடோக் நீர்த்தேக்கத்தின் கரையோரம் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரி. சற்றுத் தள்ளி அப்பர் சாங்கியில் சிங்கப்பூர் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம். தேசியப் பல்கலைக்கழகத்திலோ நன்யாங்கிலோ படித்துவிட்டு மாலையில் பிடோக்குக்குத் திரும்புகிறவர்களும் ஏராளம். வார நாளில் வளாகத்தில் முறையான அமர்வு, சனிக்கிழமை காலையில் பிடோக்கில் ஒத்திகை என்று பிரித்துக்கொண்டால் நான்கு நிறுவனங்களின் மாணவர்களும் ஒரே மேசைக்கு வரலாம். நிரல் எழுதிப் பழகிய தொழிற்கல்லூரி மாணவரும், நிறுவல் எழுதிப் பழகிய கணிதத் துறை மாணவரும் அருகருகே உட்காரும்போது இருவரிடமும் இல்லாத ஒரு கேள்வி பிறக்கிறது. ஒருவர் “இது ஓடுமா?” என்று கேட்பார், மற்றவர் “இது வருமா?” என்று கேட்பார்.

தேசியச் சேவையை முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு புத்தகத்தைத் தொடும் இளைஞர்களை மறந்துவிடக் கூடாது. தொடக்கக் கல்லூரியில் கணிதத்தில் முதல் வரிசையில் இருந்தவர்களுக்கும் கை துருப்பிடித்திருக்கும். வகுப்பில் அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுவார்கள். சமவயதுக்காரர்கள் மட்டுமே உள்ள அறையில் கொஞ்சம் எளிதாக வாய் திறப்பார்கள். அவர்களுக்காகவே முதல் இரண்டு அமர்வுகளை மெதுவாக வைப்பது முறை.

இடம். ஹார்ட்பீட்@பிடோக் கட்டடத்தில் 2017 முதல் இயங்கும் பிடோக் பொது நூலகம் படிப்பதற்கும் குறிப்பெடுப்பதற்கும் ஏற்றது, வாதாடுவதற்கு அல்ல. குரல் உயரும் வேலைக்குப் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது. பழைய வீவக புளோக்குகள் சிலவற்றில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளை இன்னும் பார்க்கலாம். தருக்கம் பேச இதைவிடப் பொருத்தமான மேசை எங்கே கிடைக்கும்? சமூக மன்றத்தில் அறை எடுக்கலாம், கட்டணம் உண்டு. இன்டர்சேஞ்ச் பக்கத்து உணவங்காடி நிலையத்தில் தே தாரிக்கோடு உட்காரலாம், ஆனால் மதிய உணவு நேரத்தில் மேசையைப் பிடித்துவைத்துக்கொண்டு சூத்திரம் எழுதுவது தட்டோடு நிற்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். பத்து மணிக்கு உட்கார்ந்து பதினொன்றரைக்கு எழுந்துவிடுங்கள். வளாக அறைக்கு, ஒரு மாணவர் மன்றத்தின் பெயரில் பதிவு செய்வது வழக்கமாக எளிது. தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் ‘என்யுஎஸ் ஹேக்கர்ஸ்’ அமைப்பு, பருவக் காலத்தில் வாரந்தோறும் ‘ஃபிரைடே ஹேக்ஸ்’ என்ற பேச்சுக் கூட்டத்தை நடத்தி வருகிறது. தருக்கக் கூட்டம் அல்ல அது, என்றாலும் அறை, கிழமை, நேரம், சாப்பாடு ஆகிய நான்கையும் மாற்றாமல் வைத்தால் மாணவர்கள் வருவார்கள் என்பதற்கு அது சிங்கப்பூரிலேயே உள்ள சாட்சி.

காலம். தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவத்துக்கு 13 கற்பித்தல் வாரங்கள். ஆறாம் வாரத்துக்குப் பிறகு ஒரு வார இடைவேளை. முதல் வாரம் எல்லாரும் பாடப் பதிவில் அலைவார்கள். கடைசி இரண்டு வாரம் தேர்வு பயம். மிஞ்சுவது பத்து. அதில் எட்டுப் பேச்சுகளைத் திட்டமிட்டு இரண்டைக் காலியாக விடுங்கள். காலியாக விட்ட அந்த இரண்டு வாரங்கள்தான் கருத்தரங்கைக் காப்பாற்றும். ஏதாவது ஒரு நிறுவல் கட்டாயம் அடுத்த வாரத்துக்கு வழிந்தோடும். அதற்கு இடம் இல்லாவிட்டால் பேசுபவர் ஓட்டம் பிடிப்பார், கேட்பவர்கள் தலையாட்டத் தொடங்குவார்கள். தலையாட்டல் தொடங்கிய இடத்தில் கருத்தரங்கு செத்துப்போகிறது.

நூல் தேர்வில் பேராசை வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரே நூல், அதிலும் மூன்று அத்தியாயம் போதும். கணிமைக் கோட்பாட்டுக்கு மைக்கேல் சிப்சரின் அறிமுக நூல் நல்ல தொடக்கம். நிறுவலின் கருத்தை முதலில் பேச்சு நடையில் சொல்லிவிட்டுப் பிறகு முறையாக எழுதும் பழக்கம் அவருடையது, பேசப்போகும் மாணவருக்கு அந்த வரிசையே பாதி உதவி. தருக்கத்துக்கு ஹெர்பர்ட் எண்டர்ட்டன். கணினியியல் மாணவர்கள் அதிகம் இருந்தால் ஹூத், ரயான் இருவரும் எழுதிய நூல். மூன்றும் பல்கலைக்கழக நூலகங்களில் கிடைக்கும் பழகிய நூல்கள்தான்.

முதல் அமர்வில் நூலைத் திறக்கவே வேண்டாம். மேசையில் ஆறு பேர் உட்காருங்கள். எந்த ஆறு பேரை எடுத்தாலும், ஒருவரையொருவர் முன்பே அறிந்த மூவராவது, ஒருவரையொருவர் அறியாத மூவராவது அதில் கட்டாயம் இருப்பார்கள். ஏன்? ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். மீதி ஐவரில் அவருக்குத் தெரிந்தவர் மூவராவது இருப்பார்கள், அல்லது தெரியாதவர் மூவராவது இருப்பார்கள். முதல் வகை என்று வைப்போம். அந்த மூவரில் எந்த இருவராவது ஒருவரையொருவர் அறிந்திருந்தால், தேர்ந்தவரோடு சேர்த்து மூவர் ஆயிற்று. யாருக்கும் யாரையும் தெரியாதென்றால் அந்த மூவரே விடை. இரண்டாம் வகையும் இப்படியே. ஐந்து நிமிடத்தில் ஒரு முழு நிறுவலை எல்லாரும் கையில் பிடித்துவிட்டார்கள். ஐந்து பேருக்கு இது பொய்க்கும் என்று காட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தச் சிறுபிள்ளை விளையாட்டின் முடிவிலா வடிவம்தான் மேலே சொன்ன லியுவும் சோங்கும் ஆராய்ந்த ராம்சே தேற்றம் என்பதை அவர்கள் ரயிலில் போகும்போது நினைத்துக்கொள்ளட்டும்.

பேச்சைத் தயாரிப்பது எப்படி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே பார்க்கலாம். ஒரு மாணவி நிறுத்தச் சிக்கலை எடுத்துக்கொண்டார் என்று வைப்போம். எந்த நிரலைக் கொடுத்தாலும், அது ஒருநாள் நிற்குமா, முடிவே இல்லாமல் ஓடுமா என்று சரியாகச் சொல்லும் சோதனை நிரல் ஒன்று இருக்க முடியுமா? முடியாது என்பதுதான் தேற்றம். வேர் ஆலன் டியூரிங்கின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருக்கிறது. ஆனால் ‘நிறுத்தச் சிக்கல்’ என்ற பெயர் அந்தக் கட்டுரையில் இல்லை, 1950களில்தான் புழக்கத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட சிறு உண்மையைத் தேடிச் சரிபார்ப்பதும் தயாரிப்பில் சேர்த்திதான்.

நிறுவல் குறுகியது. அப்படியொரு சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு ஒரு குதர்க்க நிரலைக் கட்டுவோம். குதர்க்க நிரலிடம் எந்த நிரலைக் கொடுத்தாலும், “இந்த நிரலுக்கு இதையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா?” என்று அது சோதனை நிரலைக் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால் தான் நிற்காமல் ஓடும். நிற்காது என்று பதில் வந்தால் உடனே நின்றுவிடும். இப்போது குதர்க்க நிரலுக்குக் குதர்க்க நிரலையே கொடுத்தால்? நின்றால் நிற்காது, நிற்காவிட்டால் நிற்கும். முரண்பாடு. ஆகவே சோதனை நிரல் இல்லை.

பலகையில் பத்து வரி. மாணவி எட்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். அறையில் அமைதி. அந்த அமைதியைப் புரிதல் என்று எடுத்துக்கொள்வது புதிய கருத்தரங்குகள் வழக்கமாகச் செய்யும் தவறு. நல்ல அறையில் அந்த அமைதி இப்படி உடையும்:

“அக்கா, ஒரு நிமிஷம். நிரலுக்கு எண்ணைக் கொடுப்போம், சொல்லைக் கொடுப்போம். நிரலுக்கு நிரலையே எப்படிக் கொடுக்கிறீங்க?”

“நிரலும் ஒரு கோப்புதானே தம்பி. எழுத்துகளோட வரிசை. அதைக் கொடுக்கிறோம்.”

“சரி, ஆனா அந்தக் கோப்புக்குள்ளே சோதனை நிரலும் இருக்கணும் இல்லையா? அது இருக்கிறதாகத்தான் நாம வெச்சுக்கிட்டோம். அப்போ தப்பு குதர்க்க நிரல்லே இல்லைன்னு எப்படித் தெரியும்? வேற ஏதாவது ஒரு அடி தப்பா இருக்கலாமே?”

இந்தக் கடைசிக் கேள்விக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். முரண்பாட்டுக்குக் காரணமாகக்கூடிய எல்லா அடிகளையும் மாணவி இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து காட்ட வேண்டும்: நிரலைப் பிரதி எடுப்பது முடியும், பதிலைத் தலைகீழாக்குவது முடியும், வேண்டுமென்றே முடிவில்லாமல் ஓடுவது முடியும். சந்தேகத்துக்கு இடமுள்ள அடி ஒன்றே ஒன்றுதான், அது சோதனை நிரல் இருப்பதாக வைத்துக்கொண்ட அடி. எட்டு நிமிடத்தில் முடிந்ததாகத் தோன்றிய தேற்றம் இந்த இடத்தில்தான் உண்மையில் நிறுவப்படுகிறது.

ஸ்லைடுகளைத் தவிர்ப்பது நல்லது என்பதற்கும் காரணம் இதுவே. ஸ்லைடில் அடுத்த வரி ஏற்கெனவே எழுதப்பட்டுக் காத்திருக்கிறது; பேசுபவர் அதை நோக்கி இழுக்கப்படுவார். பலகையில் அடுத்த வரி இன்னும் பிறக்கவில்லை. கை எழுதும் வேகமும் காது வாங்கும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்று.

எடுத்துக்காட்டைப் பேச்சின் ஓரத்தில் தொங்கவிடும் பழக்கமும் மாணவர்களிடம் பரவலாக உண்டு. தமிழ் மாணவர்கள் இங்கே மணிமேகலையை நினைத்துக்கொள்ளலாம். அதன் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கிறார். வாதத்தின் உறுப்புகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து என்று எண்ணிவிட்டு, பின்னிரண்டையும் திட்டாந்தத்துக்குள் அடக்கிவிடுகிறது அந்தப் பௌத்த மரபு. திட்டாந்தம் என்றால் எடுத்துக்காட்டு. சொல்ல வந்தது, அதற்கான காரணம், அதைக் காட்டும் எடுத்துக்காட்டு, இவ்வளவுதான் வாதம். எடுத்துக்காட்டு அங்கே அலங்காரம் அல்ல, மூன்றில் ஒரு பங்கு உடல். இன்றைய முறைசார் தருக்கம் அதை நிறுவலில் சேர்க்காது, சரிதான். மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் பேசுகிறவருக்கு மட்டும் அறவண அடிகளின் கணக்கே உதவும்.

பேச்சு 50 நிமிடம் என்றால் கேள்விக்கு 40 நிமிடம் வையுங்கள். அவ்வளவா என்று தோன்றலாம். 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த கூட்டத்தில் 24 வயது குர்ட் கோடல், 6ஆம் தேதி தம் முறைக்கு ஒரு சிறு உரை ஆற்றினார். அது முன்பே முடித்திருந்த முழுமைத் தேற்றம் பற்றியது. கணிதத்தின் அடித்தளத்தையே அசைத்த முழுமையின்மை முடிவை அவர் சொன்னது மறுநாள், பொதுக் கலந்துரையாடலின் நடுவில், ஒரு குறுக்கீட்டைப் போல. அறையில் இருந்தவர்களில் அதன் எடையை உடனே உணர்ந்தவர் ஜான் வான் நியூமன். கூட்டம் முடிந்ததும் கோடலைத் தனியே பிடித்து விசாரித்தார். கலந்துரையாடலுக்கு நேரம் இல்லாத கூட்டமாக இருந்திருந்தால் அந்த வாக்கியம் அன்று அறைக்குள் வந்தே இருக்காது.

அமர்வில் எழுந்து விடை கிடைக்காத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒரே நோட்டு, கையெழுத்தில், தேதியோடு. போலந்துக் கணித அறிஞர்கள் லுவோவ் நகரின் ஸ்காட்டிஷ் காபிக் கடையில் 1935 முதல் அப்படியொரு தடித்த நோட்டை வைத்திருந்தார்கள். ஸ்டீபன் பனாக்கின் மனைவி வாங்கித் தந்தது. கடைச் சிப்பந்தி பத்திரப்படுத்துவார், கேட்கும்போது எடுத்துத் தருவார். அதில் ஒரு கேள்விக்கு, அந்த அறிஞர்களில் ஒருவரான மசூர் அறிவித்த பரிசு உயிருள்ள வாத்து. 1972இல் அதைத் தீர்த்த சுவீடன்காரர் பெர் என்ஃப்லோவுக்கு வார்சாவில் வாத்து உண்மையாகவே வழங்கப்பட்டது. பிடோக் நோட்டுக்கு ஒரு தட்டு ரொஜாக் போதும்.

ஆசிரியர்களை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டலாம். “இந்தப் பத்துக் கேள்வியில் எது ஏற்கெனவே தீர்ந்தது, எது முட்டாள்தனம், எது உண்மையில் கடினம்?” என்று கேட்டால் போதும். இப்படிக் கேட்டு வரும் மாணவரைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர் அரிது. 2000இல் நிறுவப்பட்ட தேசியப் பல்கலைக்கழகக் கணித அறிவியல் கழகம், பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க்கில், பல ஆண்டுகள் தருக்கக் கோடைப் பள்ளியை நடத்தியிருக்கிறது. பெர்க்லியில் இருந்து சிலாமனும் ஹியூ வூடினும் வந்து பாடம் எடுத்திருக்கிறார்கள். முதுநிலை மாணவர்களுக்கான பள்ளிதான். அதன் நிழலில் நின்று கேட்கும் துணிவை ஒரு பருவக் கருத்தரங்கு இளநிலை மாணவருக்குத் தரும்.

மொழி. பலகையில் ஆங்கிலமே இருக்கும், வேறு வழியில்லை. மலாய், சீன நண்பர்களும் அறையில் இருப்பார்கள். சனிக்கிழமை ஒத்திகையில் தமிழர் இருவர் மட்டும் என்றால் தமிழில் சொல்லிப் பாருங்கள். பாடநூலின் ஆங்கில வாக்கியத்தை மனப்பாடமாக ஒப்பிக்க முடியாமல் போகும்போதுதான், எதைப் புரிந்துகொண்டோம், எதை விழுங்கினோம் என்பது பிரிந்து தெரியும். துணைத்தேற்றம், முரண்பாடு, கணம், மடக்கை என்று பள்ளித் தமிழில் உள்ள சொற்களே முக்கால்வாசிக்குப் போதும். மீதிக்கு அல்காரிதம் என்றே சொல்லலாம், குற்றமில்லை.

பருவத்தின் கடைசி அமர்வுக்குச் சிங்கப்பூருக்கே உரிய ஒரு தலைப்பு காத்திருக்கிறது: பாரிட்டி ஆட்டம். ஒரு பெரிய தாளில் ஏழெட்டு வட்டங்கள் வரைந்து அம்புக்குறிகளால் இணையுங்கள். எந்த வட்டத்திலிருந்தும் வெளியேற ஓர் அம்பாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் எண். சில வட்டங்கள் சிவப்பு, சில நீலம். ஒரு பத்துக் காசு நாணயத்தை ஏதாவது வட்டத்தில் வையுங்கள். நாணயம் சிவப்பில் இருந்தால் முதல் ஆட்டக்காரர் நகர்த்துவார், நீலத்தில் இருந்தால் மற்றவர். ஆட்டம் முடியவே முடியாது. முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும் எண்களில் மிகப் பெரியது இரட்டை என்றால் முதல் ஆட்டக்காரர் வென்றார், ஒற்றை என்றால் மற்றவர். கேள்வி: வரைபடத்தைப் பார்த்தவுடனே, யார் வெல்வார் என்று ஒரு நிரல் விரைவாகச் சொல்ல முடியுமா?

கல்மேசையில் இருவர் விளையாடிப் பார்த்தால் கால் மணி நேரத்தில் ஒன்று பிடிபடும். வெல்லக்கூடியவருக்கு நினைவாற்றல் தேவையில்லை. நாணயம் இந்த வட்டத்துக்கு வந்தால் எப்போதும் இந்த அம்பு என்று ஒரு முறை முடிவு செய்துகொண்டால் போதும். அது உண்மையிலேயே ஒரு தேற்றம், 1991இல் நிறுவப்பட்டது. கணினி அமைப்புகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று தருக்கத்தால் சரிபார்க்கும் துறை முழுவதற்கும் இந்த ஆட்டம் நடுவில் இருக்கிறது. கால் நூற்றாண்டு பலரும் முயன்றும் வேகமான அல்காரிதம் கிடைக்கவில்லை. 2017இல் ஆக்லாந்தையும் சிங்கப்பூரையும் சேர்ந்த ஐவர், கிறிஸ்டியன் கலூட், சஞ்சய் ஜெயின், பக்கதிர் குசைனோவ், லி வெய், ஃபிராங்க் ஸ்டீபன், பெரும் பாய்ச்சல் ஒன்றைக் காட்டினார்கள். ஜெயினும் ஸ்டீபனும் தேசியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள். அவர்களுடைய அல்காரிதத்துக்குத் தேவையான நேரம் வட்டங்களின் எண்ணிக்கையின் ஓர் அடுக்கு. அந்த அடுக்கெண், வரைபடத்தில் எத்தனை வெவ்வேறு எண்கள் உள்ளனவோ அதன் மடக்கையை ஒட்டியே வளர்கிறது. அந்த ஆண்டு கணிமைக் கோட்பாட்டின் தலையாய மாநாட்டில் சிறந்த கட்டுரைக்கான விருதும், 2021இல் நெரோட் பரிசும் அதற்குக் கிடைத்தன.

முக்கியக் கருத்து இதுதான்: ஆட்டத்தின் நீண்ட வரலாறு முழுவதையும் எழுதிவைக்க வேண்டாம், சாமர்த்தியமாகத் தேர்ந்த ஒரு சிறு சுருக்கம் போதும். அதை இரண்டு அமர்வுகளில் ஓர் இளநிலை மாணவர் விளக்க முடியும். எழுதிய ஆசிரியர்களில் இருவரின் பல்கலைக்கழகம் பிடோக்கிலிருந்து ஒரே ஒரு ரயில் மாற்றத் தூரத்தில் இருக்கிறது. பாரிட்டி ஆட்டத்தைப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் தீர்க்க முடியுமா என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.